டேஷ்போர்டில் ஒரு கறுப்புப் பட்டை

நம் பட்டறையில் ஹீட் கன் மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஓர் அட்டைத் துண்டு தொங்குகிறதே, அது எந்த வண்டிக்கு என்று போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டீர்கள். ஒரு சாண் நீளம், இமை போல ஒரு வளைவு. நாம் பார்க்கும் எந்த மாடல் காருக்கும் அது பொருந்தாது. “குப்பையில போட்டிரவா அண்ணே?” என்றும் கேட்டீர்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற சங்கதி அல்ல அது.

இந்த மாதம் முடிந்ததும் நான் ஐடிஐயில் பாடம் நடத்தப் போகிறேன். இந்த வயதில் ஓய்வு பெற்றவன் போலப் பேசுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இதை எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. எந்தக் கப்ளர் எந்த வண்டிக்கு, பட்டி எவ்வளவு நேரம் காய வேண்டும், உப்புக் காற்றில் பச்சை பிடித்த வயரை எப்படிச் சுரண்டுவது, இதையெல்லாம் இசக்கி உங்களுக்குச் சொல்லித் தருவான். வைதுகொண்டே சொல்லித் தருவான், காதில் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் ரம்பமும் எதிரில் வாடிக்கையாளரும் இருந்து, நேரம் போய்க்கொண்டிருக்கும்போது எதை முடிவு செய்வது என்பதை இசக்கி சொல்ல மாட்டான். அவனுக்குத் தெரியாமல் இல்லை. சொல்லக் கூச்சம்.

முதலில் நம் பட்டறையின் இரண்டு வழக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஸ்டீரியோவுக்காக நாம் செய்யும் ஃபிரேம் எதுவானாலும் மங்கலாகத்தான் இருக்கும். மேட் ஃபினிஷ். பளபளப்பு கிடையாது. இந்த ஊர் வெயில் பளபளப்பான பிளாஸ்டிக்கில் பட்டால் நேராக டிரைவரின் கண்ணில் ஏறும். இந்த வழக்கத்தில் மற்ற எல்லோரையும்விட நான் பிடிவாதக்காரன். என் அம்மாவும் அப்பாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். வெள்ளை உப்பின் மேல் அடிக்கும் வெயிலைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குக் கண் போயே போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குள் நிற்கும்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் என்னைப் பார்ப்பார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போய் டிப்ளமோ வரைக்கும் வந்தவன் நான். ஒளி பட்டுத் தெறிக்கும் கோணத்தைப் பாடமாகப் படித்தபோது எனக்கு அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. ஆகவே பளபளப்பு எனக்குப் பகை.

இரண்டாவது வழக்கம், வண்டியோடு வந்த பேனலில் ரம்பம் வைக்க மாட்டோம். அதைக் கழற்றித் துணியில் சுற்றித் திருப்பித் தந்துவிட்டு, புதிதாக ஃபிரேம் செய்துதான் மாட்டுவோம். முன்பு ஒரு வாத்தியார் காரை விற்கும் சமயத்தில், “என் பழைய பேனல் எங்கே?” என்று கேட்டு வந்து நின்றபோது முதலாளி அண்ணாச்சி ரம்பத்தில் அறுபட்ட துண்டுகளைத்தான் எடுத்துக் காட்டினாராம். அன்றிலிருந்து இப்படி.

இரண்டும் நல்ல வழக்கங்கள். இரண்டையும் நான் ஒரே பிற்பகலில் மீறினேன்.

லூர்து அண்ணன் வந்தது நல்ல கோடையில். அகன்ற மார்பு, வெயிலில் கறுத்த முகம், பத்துச் சொல் கேட்டால் ஒரு சொல் பேசும் ஆள். சங்கு குளித்துக்கொண்டிருந்தவர், கடலை விட்டு வந்து பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சி, கப்பலில் ஏறும் இறங்கும் ஆட்களை ஏற்றிச் செல்ல நிரந்தரமாகக் கார் தேடிக்கொண்டிருந்தது. மேப் காட்டும் பெரிய ஸ்க்ரீனும் ரிவர்ஸ் கேமராவும் உள்ள வண்டிதான் வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. மறுநாள் மாலை ஏஜென்சி மேனேஜர் நம் பட்டறைக்கே வந்து, இந்த வண்டியில் வாகைகுளம் விமான நிலையம் வரை போய் ஒருவரை அழைத்துக்கொண்டு திரும்புவார். அவருக்குத் திருப்தி என்றால் வருடம் முழுக்க ஓட்டம். இல்லையென்றால் பழையபடி ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில் நின்று, யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வண்டியை விடும்போது அவர் ஒன்றுதான் கேட்டார்.

“தம்பி, பேனல் பழைய மாதிரியே பளபளன்னு இருக்கணும்.”

நான் விளக்கினேன். வெயில், கோணம், கண் கூச்சம், விபத்து. டிப்ளமோ படித்தவன் அல்லவா, கொஞ்சம் நீளமாகவே விளக்கினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார். இப்படி ஊன்றிக் கேட்கிற வாடிக்கையாளர் இதுவரை கிடைத்ததில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

“நீங்க சொல்லுதது சரிதான். ஆனா பளபளன்னு வைங்க” என்றார்.

அதில் முதல் பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியத்துக்குள் வேலை முடிந்தது. பழைய ஸ்டீரியோ இருந்த இடத்தில் ஒன்பது அங்குல ஸ்க்ரீன். சுற்றிலும் நான் செய்த ஃபிரேம், கரித்தூள் பூசியது போல மங்கல், ஒளி பட்டால் அப்படியே விழுங்கிவிடும். ஸ்க்ரீன் கண்ணாடி மேலும் கூசாத ஃபிலிம் ஒட்டியிருந்தேன். அண்ணாச்சி விரலால் தடவிப் பார்த்து, “கம்பெனிக்காரனே தோத்தான்” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

வேலை முடிந்தால் முதல் பாட்டு வண்டிக்காரர் சொல்லும் பாட்டு. லூர்து அண்ணன் மாதா பாட்டு ஒன்று கேட்டார். போட்டோம். அவர் நேராக உட்காராமல் முகத்தை இடப்பக்கம் திருப்பி, வலது காதை ஸ்க்ரீன் பக்கம் நீட்டிக்கொண்டு கேட்டார்.

இசக்கி விடுவானா? “அண்ணே, நாலு ஸ்பீக்கரும் பாடுது. நீங்க ஒத்தக் காதை மட்டும் நீட்டினா மத்த மூணு ஸ்பீக்கரும் கோவிச்சுக்கிடும்.”

எல்லோரும் சிரித்தோம். லூர்து அண்ணனும் சிரித்தார். நாங்கள் சிரிப்பதைப் பார்த்த பிறகு, கொஞ்சம் தாமதமாக.

பிறகு அவர் அந்த ஃபிரேமைப் பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஸ்க்ரீனுக்கு மேலே இருந்த மங்கலான பகுதியில் தேய்த்தார். ஒரு முறை, இன்னொரு முறை. பனி படிந்த கண்ணாடியைத் துடைப்பது போல இருந்தது. அழுக்கு என்று நினைக்கிறார் போல என்று எண்ணிக்கொண்டேன்.

“வாங்க அண்ணே, ஒரு ரவுண்டு போய் வருவோம்” என்று நான் இடது சீட்டில் ஏறினேன். பீச் ரோட்டில் பழைய துறைமுகம் தாண்டிப் போனோம். ஜன்னல்கள் மூடியிருந்தன, பாட்டு இல்லை, ஏசி மட்டும் ஓடியது.

“பேஸ் போதுமா அண்ணே?” என்றேன்.

பதில் இல்லை.

“அண்ணே, சத்தம் போதுமான்னு கேட்டேன்.”

அவர் கண் ரோட்டிலிருந்து ஒரு நொடி இறங்கியது. என் பக்கம் திரும்பவில்லை. டேஷ்போர்டின் நடுவில், நான் செய்த ஃபிரேமில் அந்த இடத்தை, கட்டைவிரலால் தேய்த்த அதே இடத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டு ஏமாந்தது போல மறுபடி ரோட்டுக்குப் போனது. கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரம் கட்டி, உடம்போடு என் பக்கம் திரும்பி, “என்னமோ கேட்டீயளோ தம்பி?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரில் டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஆள் இடது பக்கம். நடுவில் பளபளப்பான கறுப்புப் பேனல் கொஞ்சம் அண்ணாந்த வாக்கில் இருந்தால் டிரைவருக்கு அதில் என்ன தெரியும்? பக்கத்து சீட்டுக்காரரின் முகம். எந்தப் பாடத்தை வைத்து அவருக்குப் பளபளப்பு வேண்டாம் என்று விளக்கினேனோ, அதே பாடம்.

“அண்ணே,” என்றேன், இந்த முறை அவர் முகத்துக்கு நேராக. “இடது காதா?”

அவர் உடனே பின்னால் திரும்பிப் பார்த்தார். ரோட்டில் யாரும் இல்லை.

“பட்டறையில யாருக்கும் தெரியுமா?”

“இல்லண்ணே. எனக்கே இப்பத்தான்.”

ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சொன்னார். “முங்கும்போது காது அடைக்கும். மூக்கைப் பொத்திக்கிட்டு ஊதினா விட்டிரும். சளி பிடிச்சிருந்தா விடாது. அன்னைக்கு எனக்குச் சளி. கரையில இருந்திருக்கணும். சங்கு நல்லாக் கெடைக்கிற சமயம், இருக்க மனசு வரல. வலது காது நல்லாக் கேக்கும் தம்பி. டாக்டர் பாத்துதான் லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தாரு. ரோட்டுல எனக்கு ஒரு குறையும் இல்ல. பக்கத்து சீட்டுல இருந்து பேசுனாத்தான்…”

“அதுக்குத்தான் பளபளப்பா?”

“வாய் அசையுறது தெரிஞ்சாப் போதும். என்ன பேசுதாங்கன்னு முக்காவாசி பிடிச்சிருவேன். மீதியைத் திரும்பிப் பாத்துக் கேட்டுக்கிடுவேன்.”

“ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டிரலாமே அண்ணே?”

“ஏறி இருக்கவங்க மூஞ்சிக்கு நேராக் கண்ணாடி வச்சா, என்னமோ நோட்டம் பாக்காம்னுதான் நினைப்பாங்க. பொம்பளைப் பிள்ளைய ஏறுனா என்ன நினைக்கும்? பேனல்னா யாருக்கும் தெரியாது.” கடல் பக்கம் பார்த்தார். “தண்ணிக்குள்ள யாருக்குமே காது கேக்காது தம்பி. அங்கன நான் செவிடு இல்ல. மேல தோணியில இருக்கவன் கயித்தை ஒரு சுண்டு சுண்டினாப் போதும், என்னமோ சொல்லுதாம்னு தெரிஞ்சுக்கிடுவேன். இங்கன கரையிலதான் இப்படி இருக்கு.”

மேனேஜர் வர அதிக நேரம் இல்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஃபிரேமைப் பளபளப்பாக மறுபடி பெயின்ட் அடிக்கலாம். ஆனால் அது காய ஓர் இரவு வேண்டும், அதற்குள் நம் ரோட்டுப் புழுதி அத்தனையும் அதில் ஒட்டும். பழைய பேனலையே மாட்டலாம். ஸ்க்ரீன் உட்காராது, ஏஜென்சி எடுக்காது. மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. பழைய பேனலின் மேற்பகுதியில், ஸ்டீரியோ ஓட்டைக்கு மேலே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பான பட்டை உண்டு. அதை மட்டும் அறுத்து எடுத்து என் ஃபிரேமில் ஸ்க்ரீனுக்கு மேலே பதித்துவிடலாம். ரம்பம் ஒரு தடவைதான் போகும். கோணல் ஆனால் பேனலும் போச்சு, பட்டையும் போச்சு.

“அறுத்தாப் பழைய பேனல் திரும்பக் கிடைக்காதுண்ணே” என்றேன்.

“எனக்கு அது என்னத்துக்கு? அறுங்க.”

பட்டறைக்குத் திரும்பி, துணியில் சுற்றி வைத்திருந்த பேனலை எடுத்தேன். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

“ஏலே, அது வண்டியோட பேனல்லா?”

“ஆமா அண்ணாச்சி. மேல இருக்க பட்டையை மட்டும் எடுக்கப் போறேன்.”

“எதுக்கு?”

“பளபளப்பு வேணுமாம்.”

“நேத்துப் பூரா அந்த மனுசன்கிட்ட வெயிலு கண்ணுலன்னு கிளாஸ் எடுத்தே. இன்னைக்கு நீயே பளபளப்பு வைக்கியா? நாளைக்கு வெயில் அடிச்சு வண்டியைக் கொண்டு போஸ்ட்டுல விட்டாம்னா எவன் பேரைச் சொல்லுவான்? என் பேரைத்தான்.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தவறில்லை. சரியான காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அந்த நொடியே சரி என்பார். ஆனால் இசக்கி பக்கத்தில் நின்றான், பெயின்ட் அடிக்கிற பையன்கள் நின்றார்கள், வெளியே லூர்து அண்ணன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காரணம் இருக்கு அண்ணாச்சி. அதை நான் சொல்லக் கூடாது. அவருதான் சொல்லணும். எதுவும் ஆனா என் பேரைச் சொல்லச் சொல்லுங்க.”

அண்ணாச்சி என்னை ஒரு தடவை பார்த்தார். வெளியே நின்றவரை ஒரு தடவை பார்த்தார். “சரி, பிளேடைப் புதுசா மாத்திக்கிடு” என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

வண்டிக்குள் நடப்பது எதுவானாலும் அது வண்டிக்காரருடையது. சீட்டுக்கு அடியில் கிடக்கும் மாத்திரை அட்டை, டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும் கடிதம், போனை இணைக்கும்போது ஸ்க்ரீனில் வரும் பெயர்கள், எல்லாவற்றையும் நாம் பார்ப்போம். பார்த்ததை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும். நம் தொழிலுக்கு ரம்பம் பிடிக்கத் தெரிவதைவிட இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

அறுப்பதற்கு முன்னால் கோணம் தெரிய வேண்டும். அட்டையில் பட்டை வெட்டி, அதில் ஒரு துண்டு பளபளப்பான கறுப்புத் தாள் ஒட்டி, ஸ்க்ரீனுக்கு மேலே டேப்பால் நிறுத்தினேன். லூர்து அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் இடது சீட்டில். குரலை விடாமல் வாயை மட்டும் அசைத்தேன்.

“மேல தூக்குங்க,” என்றார் அவர், பட்டையைப் பார்த்துக்கொண்டே. “மோவாய் மட்டும்தான் தெரியுது.”

தூக்கினேன். மறுபடி வாயை அசைத்தேன்.

“இன்னும் கொஞ்சம். ஆங். அப்படியே இருங்க. இப்பப் பேசுங்க.”

சத்தமில்லாமல் கேட்டேன்: சாப்பிட்டீயளா?

“இன்னும் இல்ல. நீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். வெளியே இசக்கியின் குரல் கேட்டது: “அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க! நம்ம இன்ஜினியரு வயரு அறுந்த ஸ்பீக்கர் கணக்கா வாயை மட்டும் ஆட்டுதான். அந்த அண்ணன் அதுக்குப் பதிலும் சொல்லுதாரு. வெயில் ரெண்டு பேருக்கும் மண்டையில ஏறிட்டு.”

“ஒன் வேலையைப் பாருலே” என்று அண்ணாச்சி சொல்வதும் கேட்டது.

பேனல் மேல் டேப் ஒட்டி, கோடு போட்டு, மெல்லிய பிளேடால் கையாலேயே அறுத்தேன். மிஷினில் அறுத்தால் சூட்டில் ஓரம் உருகும். பட்டை கோணலில்லாமல் வந்தது. பதித்து, ஓரத்தை நிரப்பித் துடைத்து முடித்தபோது மேனேஜரின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது.

நாசரேத் பக்கத்துக்காரர். வாத்தியார் குடும்பத்தில் வந்தவர் என்பது பேச்சிலேயே தெரியும். ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக, மென்மையாக, பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசுவார். இதைவிடக் கஷ்டமான ஆள் லூர்து அண்ணனுக்கு வாய்த்திருக்க முடியாது. ஸ்க்ரீனைப் பார்க்க வேண்டும் என்று முன் சீட்டிலேயே ஏறினார். கேமராவை விளக்கிச் சொல்ல என்னையும் வரச் சொன்னார். நான் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

போகும்போது எல்லாம் நன்றாக நடந்தது. மேற்கே போகிற ரோடு, எதிரில் சாயும் வெயில் மேனேஜரின் முகத்தில் நன்றாக விழுந்தது. அவர் உதட்டை அசைக்கும்போதெல்லாம் லூர்து அண்ணனின் கண் ஒரு நொடி பட்டைக்கு இறங்கி மேலே வந்தது.

“எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள், மிஸ்டர் லூர்து?”

“ஆறு வருசம் சார்.”

“கப்பல்காரர்கள் சில சமயம் சொன்ன நேரத்துக்கு வர மாட்டார்கள்.”

“காத்திருப்பேன் சார். காத்திருக்குறது பழக்கந்தான்.”

மேனேஜருக்குப் பிடித்திருந்தது.

விமான நிலையத்தில் வடநாட்டு என்ஜினியர் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனார். திரும்பி வரும்போதுதான் அண்ணாச்சி சொன்னது நடந்தது. இப்போது வண்டி கிழக்கே போகிறது, சூரியன் பின்னால், இடது மூலையில். அந்த வெயில் அப்படியே நான் பதித்த பட்டையில் விழுந்து லூர்து அண்ணன் முகத்தில் தெறித்தது. பின்னாலிருந்து பார்த்தபோதே தெரிந்தது, கறுப்புப் பட்டை வெள்ளைக் கோடாகிவிட்டது. அவர் தலையைச் சற்று ஒதுக்கி ரோட்டைப் பார்த்து ஓட்டினார். ஓட்டுவதில் குறையில்லை. பட்டையில் மட்டும் ஒன்றும் தெரியாது.

“அந்தக் கடையில் கொஞ்சம் நிறுத்துங்கள், இவருக்குத் தண்ணீர் வாங்க வேண்டும்” என்றார் மேனேஜர்.

கடை பின்னால் போனது.

“மிஸ்டர் லூர்து. நிறுத்தச் சொன்னேன்.”

வண்டி போய்க்கொண்டே இருந்தது. மேனேஜர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். மரியாதை தெரியாத ஆள் என்று முடிவு செய்கிற பார்வை அது.

நான் கத்தியிருக்கலாம். ‘அண்ணே, சார் நிறுத்தச் சொல்லுதாங்க’ என்று சொன்னால் போதும். எதிரில் லாரி வந்திருந்தால், ரோட்டில் ஒரு குழந்தை ஓடியிருந்தால் கத்தியே இருப்பேன். உயிர் என்றால் யோசிக்கவே கூடாது. ஆனால் இது ஒரு தண்ணீர் பாட்டில். நான் குரல் கொடுத்தால் இந்தத் தடவை தப்பித்துவிடுவார். நாளை நான் பின் சீட்டில் இருக்க மாட்டேன். பேசாமல் இருந்தாலோ, அவருக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாமல் வேலை போய்விடும்.

கையை நீட்டி அவர் வலது தோளில் ஒரு முறை தட்டினேன். ஒரே தட்டு. கயிற்றைச் சுண்டுவது போல.

அவர் தோள் அசைந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பக்கத்தில் மேனேஜரைப் பார்த்தார். சிக்னல் போட்டு, நிதானமாக வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். உடம்போடு திரும்பினார்.

“சார், என்னமோ சொல்லியிருக்கீய. எனக்கு விழல.” மூச்சை ஒரு தடவை இழுத்து விட்டார், முங்கப் போகிறவர் போல. “இடது காது கேக்காது சார். சங்குக்கு முங்கும்போது போச்சு. வலது காது சுத்தமாக் கேக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தது வண்டியிலயே இருக்கு.”

மேனேஜர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை?”

“சொல்லியிருந்தா இந்த வண்டியில ஏறியிருப்பீயளா சார்?”

மேனேஜர் ரோட்டைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல மனமில்லாதவர், ஆம் என்று பொய் சொல்லவும் தெரியாதவர்.

“போகும்போது நான் பேசியதற்கெல்லாம் பதில் சொன்னீர்களே?”

லூர்து அண்ணன் விரலால் பட்டையைத் தொட்டுக் காட்டினார். “இதுல உங்க வாய் தெரியும் சார். இப்ப வெயில் விழுந்து மறைச்சிட்டு.”

மேனேஜர் குனிந்து பட்டையைப் பார்த்தார். அவர் இருந்த இடத்திலிருந்து அதில் அவர் முகம் தெரிந்திருக்காது. லூர்து அண்ணன் முகம்தான் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்த ஃபைலை எடுத்து, பின்னாலிருந்து வரும் வெயிலுக்குக் குறுக்கே பிடித்தார். பட்டை மேல் நிழல் விழுந்தது. வெள்ளைக் கோடு மறுபடி கறுப்பானது.

“இப்போது கேட்கிறதா?” என்றார்.

“கேக்கல சார்,” என்றார் லூர்து அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “தெரியுது.”

வண்டி நகர்ந்தது. மேனேஜர் ஃபைலைக் கீழே இறக்கவில்லை. கை வலித்திருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பழைய மென்மையான குரலிலேயே, அதைவிடவும் மெதுவாக, பட்டையைப் பார்த்துச் சொன்னார்.

“நாளைக் காலையில் துறைமுகப் பாஸுக்குப் போட்டோ கொண்டு வாருங்கள்.”

பின் சீட்டில் இருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

“எத்தனை போட்டோ சார்?” என்றார் லூர்து அண்ணன்.

இப்போது அவர் ஏஜென்சியில் எல்லோரிடமும் தாமே சொல்லிவிட்டார். வண்டியில் ஏறுகிறவர்களிடம் பட்டையைக் காட்டி, இதைப் பார்த்துப் பேசுங்கள் என்கிறார். அதனால்தான் நானும் இதை எழுதுகிறேன்.

மறுநாள் பாஸுக்குப் போட்டோ கொடுத்த கையோடு வண்டி பட்டறைக்கு வந்தது. வெயில் விழுந்த விஷயத்தை அண்ணாச்சியிடம் சொன்னேன். ஏன் அது தொந்தரவு என்று சொல்லவில்லை. “நான் அப்பமே சொன்னேம்லா” என்றார், மிகுந்த சந்தோஷத்தோடு. பட்டையின் மேலேயும் இடது பக்கத்திலும் நிழல் தரும்படி இமை மாதிரி ஒரு மங்கலான மறைப்பு வைத்தால் தீரும் என்று அவரே மாதிரிக்கு ஓர் அட்டையை எடுத்து வெட்டினார். ஆணியில் தொங்குவது அதுதான். பளபளப்பின் மேல் ஒரு மேட் இமை. அண்ணாச்சியின் வழக்கமும் நிலைத்தது, லூர்து அண்ணனுக்கு வேண்டியதும் கிடைத்தது.

எதற்கு என்று அண்ணாச்சி அன்றும் கேட்கவில்லை. வெட்டிய அட்டையோடு காரின் இடப்பக்கமாகத்தான் வந்தார். டிரைவர் சீட்டில் லூர்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். திறந்திருந்த ஜன்னலருகே பேச வாயெடுத்தவர் நிறுத்தினார். வெயிலில் காரை முழுதாகச் சுற்றிக்கொண்டு, வலது பக்கக் கதவருகே வந்து நின்றார்.

“வாங்க லூர்து,” என்றார். “இது சரியா இருக்கான்னு பாருங்க.”